குரலும் கோலமும்: ஜானிஸ் ஜாப்ளின் அம்மையார்

ஒரு கலைஞரின் புகழ் நாடெங்கும் பரவுங்கால் அவரைச் சார்ந்த இரண்டு பொருள்கள் சேர்ந்தே பரவுகின்றன. ஒன்று, அவர் கற்று, உழைத்து, உலகுக்கு அளித்த கலை. மற்றொன்று, அவர் உடுத்ததும் குடித்ததும், வாழ்ந்த விதமும் மாண்ட விதமும் சேர்ந்த கோலம். முன்னதைப் பெறுவதற்குச் செவியும் பொறுமையும் வேண்டும். பின்னதைப் பெறுவதற்குக் கண்ணும் சிறிது கைப்பணமும் இருந்தாற் போதும். ஆதலின் உலகத்தார், சிறப்பாக வாலிபர்கள், பின்னதையே விரைந்து பற்றிக்கொள்கின்றனர். குரல் பின்தங்கிவிடுகிறது, கோலம் கப்பலேறி நாடு நாடாகச் செல்கிறது.

ஐக்கிய அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பெரும் புகழெய்தி, 27ஆம் வயதிலேயே மாண்டுபோன ஜானிஸ் ஜாப்ளின் என்னும் பாடகியாரின் வரலாறு இவ்வுண்மைக்கு ஒரு சான்று. 'ராக்' என்று வழங்கும் மேனாட்டு வாலிப சங்கீதத்தில் ஆடவரே அரசு செலுத்தி வந்த மேடையில், நடுநாயகமாக நின்று பாடிய முதற் பெண்மணிகளுள் அவர் ஒருவர். அவரைப் போற்றுவோர், கட்டுகளையெல்லாம் அறுத்தெறிந்த சுதந்திர தேவி என்று அவரைக் கொண்டாடுகின்றனர். தூற்றுவோர், வாலிபரைக் குடிக்கும் லாகிரிக்கும் அழைத்துச் சென்றவர் என்று பழிக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பகைத்தாலும் ஒரு விஷயத்தில் ஒத்திருக்கின்றனர்: இருவரும் அவருடைய கோலத்தைக் காண்கின்றனரேயன்றிக் குரலைக் கேட்பதில்லை.

நாம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க விரும்புகின்றோம். அவருடைய குரல் பெண்ணுலகத்திற்கு உண்மையான விடுதலையொன்றை அளித்தது. அவரைச் சூழ்ந்து நின்ற வாலிபர் உலகமும், அதை வைத்துப் பிழைத்த வியாபார உலகமும், அவ்விடுதலைக்கு அவருடைய துன்பத்தையே விலையாகக் கேட்டன. இந்தக் கணக்கை நேர்செய்து பாராமல் அவருடைய செல்வாக்கை எடைபோடுதல் இயலாது என்பது நம் அபிப்பிராயம்.

எண்ணெய் ஊரின் பெண்

ஜானிஸ் 1943ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள போர்ட் ஆர்தர் என்னும் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். பெட்ரோலிய எண்ணெயைச் சுத்தி செய்யும் பேராலைகளே அவ்வூருக்கு உயிர். அவருடைய தந்தையார் டெக்ஸகோ கம்பெனியில் இன்ஜினியர். ஊர் முழுவதும் கம்பெனிகளை நம்பி வாழுமிடத்தில், யார் எங்கே குடியிருக்கலாம், யார் யாரோடு பழகலாம் என்பன யாவும் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும் என்பதைத் தோட்டங்களை அறிந்த நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. போர்ட் ஆர்தரில் அந்த வகுப்பு நிறத்தின் மேல் நின்றது. வெள்ளையர் ஒருபுறம், கறுப்பின மக்கள் மறுபுறம். வெள்ளையருக்குள்ளும் பெண்ணுக்கென ஒரு வழி விதிக்கப்பட்டிருந்தது: அழகாயிரு, அடங்கியிரு, நல்லவிடத்தில் மணந்துகொள் என்பதே அது.

இச்சிறுமிக்கு அவ்வழி ஒத்துவரவில்லை. அவர் படம் வரைந்தார். நூல்களை விரும்பிப் படித்தார். கறுப்பின மக்களைத் தாழ்த்துதல் தவறு என்று வெளிப்படையாகப் பேசினார். முகத்திற் பருக்களும் உடலிற் பருமனும் உடையவராயிருந்தமையால், உடன் படித்தோரின் பரிகாசத்திற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1960ஆம் ஆண்டு பள்ளியை முடித்து, 1962இல் ஆஸ்டின் நகரத்துச் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அங்கோ, மிகவும் அவலட்சணமான ஆண் யார் என்று மாணவர் நடத்திய ஒரு கேலிப் போட்டியில் இப்பெண்ணின் பெயரைச் சேர்த்துவிட்டனர். கல்வி பெருகிய இடத்திலும் கயமை குறையவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? 1963ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் அந்நகரை விட்டு, வழியில் வந்த வண்டிகளில் இடம் கேட்டு ஏறிச் சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். லாகிரி வஸ்துக்களால் உடல் நைந்து 1965இல் ஊர் திரும்பினார்; 1966இல் மீண்டும் சென்று 'பிக் பிரதர் அண்ட் த ஹோல்டிங் கம்பெனி' என்னும் ஆடவர் வாத்தியக் குழுவிற் பாடகியானார்.

கடன்பட்ட கலை

அவர் எதைப் பாடினார்? 'புளூஸ்' என்னும் பாட்டு வகையை. அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் சந்ததியார், வயலிலும் சிறையிலும் சத்திரத்திலும் தம் துயரத்தையும் ஆசையையும் ஏளனத்தையும் ஒருங்கே குழைத்துப் பாடிய பாட்டு அது. பெஸ்ஸி ஸ்மித், லெட் பெல்லி, ஒடெட்டா ஆகியோருடைய இசைத்தட்டுகளை ஜானிஸ் இளமையிலேயே திரும்பத் திரும்பக் கேட்டு, அவர்களைப் போலவே பாடிப் பாடிப் பழகினார். சங்கீதப் பள்ளியில் வாத்தியார் வைத்துக் கற்காவிடினும், இது கல்வியே. ஏகலைவன் துரோணரின் உருவத்தை வைத்துப் பயின்றதுபோல் இவர் இசைத்தட்டை வைத்துப் பயின்றார் எனலாம். வேறுபாடு யாதெனின், இங்கே கட்டைவிரலை இழந்தது மாணாக்கரல்லர், குருமாரே.

இதனைச் சற்று விளக்குவோம். பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகியார் 1953ஆம் ஆண்டில் 'ஹவுண்ட் டாக்' என்னும் பாட்டால் கறுப்பின மக்களிடையே பெரும் புகழ் பெற்றார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதே பாட்டைப் பாடி உலகப் புகழும் பெருஞ் செல்வமும் அடைந்தார். தார்ன்டன் அம்மையார் தாமே இயற்றிய 'பால் அண்ட் செயின்' என்னும் பாட்டுத்தான் பின்னர் ஜானிஸை மேடையில் உயர்த்தியது. ஆனால் அப்பாட்டின் உரிமை ஒரு கம்பெனியிடம் இருந்தமையால், அதனால் விளைந்த ஊதியத்திற் பெரும்பங்கு இயற்றியவரைச் சேரவில்லை. ஜானிஸ் தம் ஆசான் யார் என்பதை எங்கும் மறைக்கவில்லை. அதனால் தார்ன்டன் அம்மையாருக்குப் புதிய கேள்வியாளரும் கிடைத்தனர். ஆயினும் பாட்டை இயற்றியவர் ஒருவர், பலனை எண்ணுபவர் மற்றொருவர் என்னும் அநீதி அதனால் தீர்ந்துவிடவில்லை. ஜானிஸின் செல்வாக்கைப் பற்றிப் பேசுவோர் முதலிற் பேசவேண்டியது அவர்மீது செல்வாக்குச் செலுத்தியவர்களைப் பற்றியே.

வாலிபரின் கலகம்

இனி, அவரைக் கொண்டாடிய வாலிபர் கூட்டத்தைப் பார்ப்போம். 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வாலிபர் பலர் தம் பெற்றோர் வகுத்த வாழ்வை வெறுத்தனர். அவ்வெறுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. வியட்நாம் யுத்தத்திற்கு ஆடவரைக் கட்டாயமாகச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தனர். 18 வயதிற் பட்டாளத்துக்குப் பெயர் பதியவேண்டும். வாக்குரிமையோ அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் 21 வயதிலேதான். 1971இல் அரசியற் சட்டத்தைத் திருத்திய பின்னரே நாடெங்கும் 18 வயதினருக்கு வாக்குக் கிடைத்தது. உயிரைக் கொடுக்கத் தகுதியுண்டு, அபிப்பிராயம் சொல்லத் தகுதியில்லை என்னும் நீதியை எந்த வாலிபன் ஒப்புவான்? ஆகவே அவர்கள் தலைமயிரை வளர்த்தனர், உத்தியோகத்தைத் துறந்தனர், சான்பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் ஆஷ்பரி என்னும் பகுதியிற் கூடிப் பொதுவுடைமையாய் வாழ முயன்றனர். உலகம் அவர்களை 'ஹிப்பிகள்' என்றது.

அவர்களுடைய கலகத்தில் நியாயமும் இருந்தது, மயக்கமும் இருந்தது. யுத்தத்தை எதிர்த்தது நியாயம். லாகிரியை விடுதலை என்று எண்ணியது மயக்கம். மற்றொரு குறையும் உண்டு; அதனை அக்காலத்தில் ஆடவர் பெரும்பாலும் உணரவில்லை. பழைய ஒழுக்கம் வேண்டாம் என்ற அதே கூட்டங்களில், சமைப்பதும் துணி துவைப்பதும் குழந்தையைக் காப்பதும் பெண்களின் வேலையாகவே நீடித்தன. ஆடவர் பெற்ற காதற் சுதந்திரத்தின் பாரத்தையும் பெண்ணே சுமந்தாள். தந்தையின் அதிகாரம் போயிற்று. தோழனின் அதிகாரம் வந்தது. கலகக்காரனும் தன் வீட்டு வாசலிற் கலகத்தை நிறுத்திவிடுகிறான் என்பது எந்நாட்டுச் சீர்திருத்தத்திலும் நாம் காணும் உண்மை.

இத்தகைய கூட்டத்தின் நடுவிலேதான் ஜானிஸ் மேடையேறினார்.

மான்டரே மேடை

1967ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் மூன்று நாட்கள் ஒரு சங்கீத விழா நடந்தது. நம் இந்தியத் தேசத்து ரவிசங்கர் சிதார் வாசித்ததும் அவ்விழாவிலேதான். 24 வயதினரான ஜானிஸ் அதில் 'பால் அண்ட் செயின்' பாடினார். அன்றைய ஆட்டத்தைப் படம் பிடிக்க அனுமதி கிடையாமற் போனதால், மறுநாள் மீண்டும் ஒருமுறை மேடையேறிப் பாடினார். அந்த இரண்டாம் பாட்டே 'மான்டரே பாப்' என்னும் திரைப்படத்தில் உள்ளது. கூட்டத்திலிருந்த காஸ் எலியட் என்னும் பெயர்பெற்ற பாடகியார் வாய்பிளந்து வியந்த காட்சியையும் அப்படம் காட்டுகிறது.

அவர்கள் எதைக் கண்டு வியந்தனர்? அதற்கு முன்னரும் அமெரிக்க மேடையில் பெண்கள் பாடினார்கள். ஒரேவிதமான பட்டுடையணிந்து, ஒரேவிதமாய்க் கையசைத்து, காதலன் வருவானா என்று இனிய குரலிற் கேட்கும் பெண்கள் பலர் இருந்தனர். கறுப்பினப் பாடகியரோ, ஜானிஸுக்கு முன்னரே உள்ளத்தைத் திறந்து பாடினர் என்பதை மறந்துவிடலாகாது. ஆயினும் வெள்ளைப் பெண்ணொருத்தி, தலைவிரிகோலமாய், வேர்வை வழிய, முகம் கோணுவதைப் பற்றிக் கவலையின்றி, தன் ஆசையையும் கோபத்தையும் அவமானத்தையும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிற் கொட்டியது வெள்ளையருலகிற்குப் புதிது. பார்ப்பதற்கு அழகாயிருப்பதே பெண்ணின் கடமை என்ற சட்டத்தை அவர் எதிர்த்து வாதாடவில்லை. அச்சட்டம் இல்லாததுபோற் பாடினார். வாதத்தைவிட இது வலிமையானது.

கத்தலா, கலையா?

ஜானிஸ் பாடவில்லை, கத்தினார் என்பது அன்று முதல் இன்று வரை சொல்லப்படும் குற்றச்சாட்டு. அவருடைய குரல் கரகரப்பானது; உச்சத்தில் கிழிவதுபோற் கேட்பது. ஆனால் கிழிந்த குரலுக்கும் கிழிவதுபோல் ஒலிக்கக் கற்ற குரலுக்கும் வேறுபாடு உண்டு. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 'சீப் த்ரில்ஸ்' என்னும் இசைத்தட்டிலுள்ள 'சம்மர்டைம்' பாட்டை எடுத்துக்கொள்வோம். இது 1935ஆம் ஆண்டில் ஜார்ஜ் கெர்ஷ்வின் இயற்றிய 'போர்கி அண்ட் பெஸ்' என்னும் இசை நாடகத்தில் வரும் தாலாட்டு. கிடார்கள் இரண்டும் பழைய ஐரோப்பியச் சாஸ்திரீய சங்கீதத்தின் பாங்கில் ஒன்றையொன்று தொடர்ந்து பின்னிச் செல்ல, ஜானிஸ் மெல்லிய, உலர்ந்த குரலில் தொடங்குகிறார். குழந்தையைத் தேற்றும் சொற்கள். தேற்றுபவளுக்கே தேறுதல் இல்லை என்பதைக் குரல் சொல்லிவிடுகிறது. உச்சத்திற் கதறிய அடுத்த கணமே மூச்சளவுக்கு இறங்கிவிடுகிறார். கத்துவோருக்கு இந்த இறக்கம் கைவராது.

அதே தட்டிலுள்ள 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' பாட்டை, அதற்கு முந்திய ஆண்டில் எர்மா பிராங்க்ளின் என்னும் கறுப்பினப் பாடகியார் பாடியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லதொரு பாடம். எர்மா அம்மையார் துயரத்தைத் தம் கைக்குள் அடக்கிவைத்து, கண்ணியத்தோடு அளந்து தருகிறார். ஜானிஸ் அதை அள்ளி வீசுகிறார். எர்மாவின் பாட்டில் ஒரு பெண் தன் காதலனுக்குச் சவால் விடுகிறாள். ஜானிஸின் பாட்டில் அவள் தன்னையே பணயமாக வைக்கிறாள். எது உயர்ந்தது? சங்கீத நயத்தில் எர்மாவே உயர்ந்தவர் என்பது நம் கருத்து. ஆனால் அக்காலத்து வாலிபர் தம் உள்ளத்துக் கொந்தளிப்பின் உருவத்தைக் கண்டது ஜானிஸிடமேயாம். அந்தத் தட்டு அமெரிக்காவில் எட்டு வாரங்கள் விற்பனையில் முதலிடம் வகித்தது.

இன்னுமொரு செய்தி கவனிக்கத்தக்கது. 'சீப் த்ரில்ஸ்' தட்டைக் கேட்போர், அது முழுவதும் கச்சேரி மேடையிலேயே பதிவானதென்று எண்ணுவர். கூட்டத்தின் ஆரவாரம் அதில் ஒலிக்கிறது. உண்மையில் 'பால் அண்ட் செயின்' ஒன்றே மேடையிற் பதிவானது. மற்றவை பதிவறையிற் பலமுறை பாடித் திருத்தப்பட்டு, ஆரவாரம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. வாலிபர்கள் கட்டற்ற வேகம் என்று போற்றியது, உண்மையிற் கட்டுப்பட்ட உழைப்பின் பயன். இயல்பாய்ப் பொங்கியதென்று தோன்றச் செய்வதற்கே மிகுந்த பயிற்சி வேண்டும்.

அவருடைய குறைகளையும் மறைத்தல் நியாயமன்று. 1968ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பழைய குழுவை விட்டுத் தாமே சம்பளம் கொடுத்து ஒரு புதுக் குழுவை அமைத்தார். ஆடவரை வேலைக்கமர்த்தித் தலைமை தாங்கிய பெண் என்ற வகையில் அது புதுமை. ஆனால் டிசம்பர் 21ஆம் தேதி மெம்பிஸ் நகரில், கறுப்பின இசைக்குப் பேர்போன ஸ்டாக்ஸ் கம்பெனியாரின் விழாவில் அக்குழு முதன்முதலிற் பாடியபோது, சபையோர் அசையவில்லை. எவருடைய கலையைப் பயின்றாரோ அவர்கள் முன்னிலையில் வேகம் மட்டும் போதவில்லை. அவர்கள் நயத்தையும் அளவையும் கேட்டனர். 1969இல் வெளிவந்த 'காஸ்மிக் புளூஸ்' தட்டிலும் உணர்ச்சி சில இடங்களில் வரம்பு மீறி, ஒவ்வொரு அடியையும் உச்சமாக்கிவிடுகிறது. எல்லாம் உச்சமானால் உச்சமே இல்லாமற்போம்.

அக்குறையை அவரே உணர்ந்து திருத்திக்கொண்டார் என்பதற்கு அவருடைய கடைசித் தட்டாகிய 'பெர்ல்' சான்று. கிரிஸ் கிரிஸ்டாபர்சனின் 'மீ அண்ட் பாபி மெக்கீ' பாட்டை அதில் அவர் கதை சொல்வதுபோல் அமைதியாகத் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றி, பாட்டின் கடைப்பகுதியிலேதான் முழுக் குரலையும் திறக்கிறார். 27 வயதில் இந்த அடக்கத்தைக் கற்றவர் 40 வயதில் எவ்வாறு பாடியிருப்பார்!

பெண்டிர் பெற்றது

அவருடைய செல்வாக்கினாற் பெண்கள் பெற்றதென்ன? ஜானிஸ் மாதர் இயக்கத்தின் தலைவியல்லர். அவ்வியக்கத்தின் பெயரைச் சொல்லி அவர் பாடியதுமில்லை. ஆயினும் 1968ஆம் ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டி நகரில் அமெரிக்க அழகிப் போட்டியை எதிர்த்துப் பெண்கள் மறியல் செய்ததும், அடுத்த மாதத்தில் அவருடைய தட்டு விற்பனையில் முதலிடம் பிடித்ததும் ஒரே பருவத்து விளைவுகள். மறியல் செய்தவர்கள் சொல்லால் மறுத்ததை இவர் குரலால் மறுத்தார். மணிமாலையும் இறகும் வெல்வெட்டும் அணிந்து, முகப்பூச்சின்றி, வாராத தலையோடு வந்து அவர் நின்றபோது, தன் உருவத்தை எண்ணி வெட்கிய பெண்ணொவ்வொருத்தியும் தானும் மேடைக்கு உரியவளே என்று எண்ணத் துணிந்தாள்.

அவ்வெண்ணம் வீண்போகவில்லை. இளமையில் அவருடைய கச்சேரிகளுக்கு முன்பாட்டுப் பாடிய குழுவொன்றிலிருந்த ஸ்டீவி நிக்ஸ் பின்னர்ப் பெரும்புகழ் பெற்றார். நியூயார்க்கில் அவரை அறிந்திருந்த பாட்டி ஸ்மித், 1975ஆம் ஆண்டில் ஆடவர் கோட்டுடனும் எடுப்பான பார்வையுடனும் தம் முதல் தட்டின் முகப்பில் தோன்றினார். 1995இல் ராக் சங்கீதப் பெருமக்கள் மன்றத்தில் ஜானிஸின் பெயர் சேர்க்கப்பட்டபோது அவரைப் போற்றிப் பேசியவர் மெலிஸா எதெரிட்ஜ் என்னும் பாடகியார். எல்லன் வில்லிஸ் என்னும் பெண் விமரிசகர், அத்தலைமுறையின் வரலாற்றை உருவாக்கியவர்களுள் பாப் டிலனுக்கு அடுத்த இடம் ஜானிஸுக்கே உரியதென்று எழுதினார். இவர்களுள் ஒருவரும் ஜானிஸைப் போலவே பாடவில்லை. நல்ல செல்வாக்குக்கு அதுவே அடையாளம். ஆசானின் குரலைத் திருடாமல் ஆசானின் துணிவைப் பெறுபவரே உண்மை மாணாக்கர்.

விலைக்கு விற்ற கோலம்

மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். ஜானிஸ் மேடையிற் கையிற் பிடித்திருந்த மதுப்புட்டி அவர் பாட்டளவு புகழ்பெற்றது. தம்மால் விளம்பரம் பெற்ற அந்த மதுக் கம்பெனியாரிடம் கேட்டு, ஒரு மயிர்த்தோல் மேலங்கியே பரிசாகப் பெற்றார் அவர். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார். நாம் அதிற் சிரிப்பதற்கு இடங் காணவில்லை. ஒரு மேலங்கியின் விலைக்கு ஒரு தலைமுறையின் குடியை வாங்கிய வியாபாரம் அது.

அவரைக் காண வந்த வாலிபர்கள் அவர் குடிப்பதைக் கண்டு ஆரவாரித்தனர். அவர் துன்புறுவதே அவர் உண்மையாய்ப் பாடுகிறார் என்பதற்கு அத்தாட்சி என்று எண்ணினர். ஆடவர் குடித்தால் அது வீரம். பெண் குடித்தால் அதுவே அவளுடைய கலை என்றாயிற்று! போர்ட் ஆர்தர் அவரைச் சிரித்து விரட்டியது. சான்பிரான்சிஸ்கோ கைதட்டி அழித்தது. 1970ஆம் ஆண்டிற் சில மாதம் ஹெராயினை விட்டிருந்தவர் மீண்டும் அதன் வாய்ப்பட்டார். அக்டோபர் 4ஆம் தேதி ஹாலிவுட்டில் ஒரு விடுதி அறையிற் பிணமாகக் காணப்பட்டார். பதினாறு நாட்களுக்கு முன்னரே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்னும் கிடார் மேதை அதே 27ஆம் வயதில் மாண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஜிம் மாரிசனும் அதே வயதில் மாண்டார். இம்மூவரையும் சேர்த்து '27 வயதுச் சங்கம்' என்று பெயர் சூட்டி, இளமையிற் சாவதும் ஒரு பெருமை என்பதுபோல் இன்றும் பேசுகின்றனர். மரணத்தைச் சங்கமாக்கும் இந்த மூடத்தனத்தைப் பழைய மூடநம்பிக்கைகளோடு சேர்த்தே நாம் கண்டிக்கவேண்டும்.

துன்பமில்லாவிடில் அந்தப் பாட்டு பிறந்திருக்குமா என்று கேட்பாருமுளர். அவர்களுக்கு 'பெர்ல்' தட்டே விடையளிக்கும். அதில் 'பரீட் அலைவ் இன் த புளூஸ்' என்னும் பாட்டில் வாத்தியங்கள் மட்டுமே ஒலிக்கின்றன. வாத்தியக்காரர் முன்னரே தம் பங்கை வாசித்துவிட்டனர். ஜானிஸ் வந்து பாடவேண்டிய வேளையில் அவர் உயிரோடில்லை. லாகிரி அவருக்குப் பாட்டை அளித்ததென்போர் அந்தத் தட்டில் அப்பாட்டைக் கேட்கட்டும். லாகிரி அளித்தது அந்த மௌனத்தைத்தான்.

அதே தட்டில், மாண்டதற்கு மூன்று நாட்களுக்கு முன், அக்டோபர் 1ஆம் தேதி, வாத்தியமே இல்லாமற் பாடிய ஒரு சிறு பாட்டும் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸ் மோட்டார் வண்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் தரும்படி கடவுளை வேண்டுவதாக, பண்டங்களின்மேற் கொண்ட ஆசையை நையாண்டி செய்யும் பாட்டு அது. 1995ஆம் ஆண்டில் அந்த மோட்டார்க் கம்பெனியே அப்பாட்டைத் தன் விளம்பரத்தில் ஒலிக்கச் செய்தது. அவர் ஓட்டிய, பல வர்ணம் தீட்டிய போர்ஷே வண்டியோ 2015இல் நியூயார்க் ஏலத்தில் 17 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. பரிகாசத்தையும் பண்டமாக்கி விற்கும் வல்லமை முதலாளித்துவத்திற்கு உண்டு என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டுவதில்லை.

கோலம் கப்பலேறும் என்றோமே, அது நம் கரைக்கும் வந்தது. 1970ஆம் ஆண்டுகளிற் சிங்கப்பூர் அரசாங்க அலுவலகங்களில், நீண்ட தலைமயிர் வைத்த ஆடவருக்குக் கடைசியிலேதான் காரியம் நடக்கும் என்று விளம்பரம் ஒட்டினர். தடுத்தவர்களும் மயிரையே கண்டனர். வளர்த்தவர்களும் மயிரையே கண்டனர். யுத்தம் ஏன், நிறவேற்றுமை ஏன், பெண்ணுக்கு ஏன் இந்த அடக்குமுறை என்னும் கேள்விகள் அந்த மயிரின் கீழ் மறைந்து போயின.

ஒரு கல்லறைக் கல்

ஜானிஸின் வாழ்வில் வாலிபர்கள் பின்பற்றத்தக்க செயல் ஒன்று உண்டு. அதில் மேடையுமில்லை, மதுப்புட்டியுமில்லை. அவருக்கு ஆசானாகிய பெஸ்ஸி ஸ்மித் 1937ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் மாண்டார். பல்லாயிரம் மக்கள் திரண்டு அடக்கம் செய்த அம்மாபெரும் பாடகியின் கல்லறை, 33 ஆண்டுகள் பெயர் பொறித்த கல் ஒன்றுமின்றிக் கிடந்தது. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. அதன் செலவை இருவர் பகிர்ந்துகொண்டனர். ஒருவர், சிறுமியாயிருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலைசெய்த ஜுவனிட்டா கிரீன் அம்மையார். மற்றவர் ஜானிஸ். அதற்கு இரண்டு மாதத்துக்குள் ஜானிஸும் மாண்டார்.

குருவினிடம் பெற்றதை ஒப்புக்கொண்டு, கூடியவரை திருப்பித் தருவதே கலைஞரின் ஒழுக்கம். ஒரு கல்லால் அந்தப் பெருங்கடன் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. தார்ன்டன் அம்மையாரின் கணக்கு இன்னும் நிலுவையிலேயே நிற்கிறது. ஆயினும் கடன் உண்டு என்று அறிந்த ஒருவரின் செயல் அது.

வாலிபர்களே, யுவதிகளே! மேனாட்டிலிருந்து வரும் பாட்டைக் கேட்காதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வோர் சொல்லைக் கேட்கவும் வேண்டா. நன்றாய்க் கேளுங்கள். 'சம்மர்டைம்' பாட்டில் அக்குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் கூர்ந்து கேளுங்கள். பின்னர்ப் பெஸ்ஸி ஸ்மித்தையும், தார்ன்டனையும், எர்மா பிராங்க்ளினையும் தேடிக் கேளுங்கள். தன் உருவத்தை எண்ணி ஒதுங்கி நிற்கும் உங்கள் தங்கைக்கு அந்தத் துணிவைச் சொல்லுங்கள். புட்டியையும் ஊசியையும் விற்பவன், அவற்றைச் சுதந்திரம் என்று பெயரிட்டு விற்க வந்தால், ஜானிஸின் கடைசித் தட்டிற் குரலில்லாது நிற்கும் அந்த ஒரு பாட்டை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள்.